பதினொருவரும் அறுவரும்

எண்ணுவதனையே தொழிலாகக் கொண்டவன் யான். நம் கல்லூரியிற் கணிதம் பயின்று, பின்னர் இங்கேயே அதனைப் பயிற்றுவித்து வருபவன். எண்ணித் தொகை கண்டுவிட்டால் ஒரு பொருளை முற்றும் அறிந்துவிட்டோம் என்னும் நினைப்பு என்பால் நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. அந்நினைப்பில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதனை எனக்கு உணர்த்தியது ஒரு நூலன்று, ஒரு பந்தாட்டம். அதனையும் யான் ஆடிக் கற்றேனல்லேன். பார்ப்போர் வரிசையில் அமர்ந்து கற்றேன். கற்கும்போது ஒரு சிறுவனுடைய மனத்தையும் நோகச் செய்தேன். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் கேட்டபோது, அச்செய்தியையே எழுதுதல் தகும் எனத் தோன்றியது.

என் தமக்கையார் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸஸ் மாநிலத்தில் ஒரு சிறு நகரில் வாழ்பவர். 2017-ஆம் ஆண்டில் ஆகஸ்டு தொடங்கி டிசம்பர் வரை விடுப்புப் பெற்று, யான் அவர் இல்லத்திற் சென்று தங்கினேன். அவர் மகன் அப்போது பதினைந்து வயதினன். திருச்சபையார் நடத்திய ஓர் உயர்நிலைப் பள்ளியிற் பத்தாம் வகுப்பு மாணவன். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகளே கொண்ட அப்பள்ளியில் பயின்றோர் தொகை நூற்றுக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. நம் கல்லூரியில் ஒரு துறையினுள் அடங்கிவிடக்கூடிய கூட்டம். ஆயினும், வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் அச்சிறு கூட்டத்தின் உள்ளமெல்லாம் பந்தாட்ட வெளியிலேயே இருக்கும்.

அங்கே காற்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த காற்பந்தன்று. பந்து இரு முனையும் கூம்பி நெல்மணி போன்ற வடிவுடையது. பெரும்பாலும் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுவதும், கையால் எறிவதுமே ஆட்டம். ஒரு பக்கத்திற்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறுதல் வேண்டும். இல்லையேல் பந்து மாற்றார்க்குரியதாகும். தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து மோதுவர். முன் வரிசையில் நிற்கும் உடல் பருத்த பிள்ளைகளின் கடமை, எதிரியைத் தடுத்துப் பந்தைச் சுமப்பவனுக்கு வழி செய்து கொடுப்பதே. பந்தினை எறிந்து பெறும் உரிமை விதிப்படி அவர்களுக்கு இல்லை. என் மருகன் அவ்வரிசையின் நடுவில் நிற்பவன். ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பந்தைத் தன் கால்களின் இடையே பின்னுக்குத் தள்ளிக் கொடுப்பான். அத்துடன் பந்துக்கும் அவனுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

நம் நாட்டுப் பள்ளி விளையாட்டுகளிற் பிள்ளைகளை வயதுகொண்டு பிரிப்பதனை யாவரும் அறிவோம். பதினான்கு வயதுக்குட்பட்டோர், பதினேழு வயதுக்குட்பட்டோர், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் என்பன நாம் பழகிய பிரிவுகள். அங்கே பிரிக்கப்படுவது பிள்ளையன்று, பள்ளி. பிரிக்கும் கருவி, பள்ளியின் மாணவர் தொகை. டெக்ஸஸ் மாநிலத்து அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது, ஆஸ்டின் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1910-இல் தோன்றிய யூ.ஐ.எல். என்னும் கழகம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அக்டோபர் மாதத்தில் ஒவ்வொரு பள்ளியின் தொகையும் கணக்கெடுக்கப்பெறும். அதனைக் கொண்டு அடுத்த ஈராண்டுக்குரிய பிரிவுகள் வகுக்கப்பெறும். 2014 முதல் ஆறு பிரிவுகள் வழங்குகின்றன. தனியார் பள்ளிகளும் சமயப் பள்ளிகளும் பெரும்பாலும் இக்கழகத்துக்குப் புறம்பானவை. டல்லஸ், ஹூஸ்டன் நகரங்களிலுள்ள இயேசு சபையாரின் பெரிய பள்ளிகள் இரண்டுமட்டும் 2003-இல் உள்ளே ஏற்றுக்கொள்ளப்பெற்றன. ஏனையவற்றுட் பல, 1978-இல் தோன்றிய டாப்ஸ் என்னும் தனியார் பள்ளிச் சங்கத்தில் இருக்கின்றன. அச்சங்கமும் மாணவர் தொகையைக் கொண்டே தன் பள்ளிகளைப் பிரிக்கிறது.

இம்முறையினை முதன்முதற் கேட்டபோது கணிதம் கற்ற என் மனம் மகிழ்ந்தது. நூற்றிருபது பேர் பயிலும் பள்ளியிற் பாதிப் பேர் ஆண் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அவருள் நால்வரில் ஒருவர் பந்தாட வருவாராயின் கிடைப்பவர் பதினைவர். அதே கணக்கில், நானூறு பேர் பயிலும் பள்ளியில் ஐம்பதின்மர் கிடைப்பர். ஐம்பதின்மர் உள்ள பள்ளி, பந்தைச் சுமந்து முன்னேறுவதற்கு ஓர் அணியும், மாற்றாரைத் தடுப்பதற்கு வேறோர் அணியும் வைத்துக்கொள்ளும். பதினைவர் உள்ள பள்ளியிலோ, முன்னேறியவனே திரும்பி நின்று தடுத்தலும் வேண்டும். ஆட்டம் முடியும்வரை அவனுக்கு இளைப்பாறுதல் இல்லை. ஆகவே, மாணவர் தொகை என்பது ஆற்றலின் அளவன்று எனினும், களத்திற்கு வந்து நிற்கக்கூடியவர் எத்துணைப் பேர் என்பதற்கு ஒரு நல்ல குறியாகும். அதனைப் பொய் கூறி மறைத்தலும் எளிதன்று. இதனினும் நேர்மையான அளவுகோல் வேறு யாது என்று என் மைத்துனரிடம் வியந்து பேசினேன். அவர் நகைத்து, “வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார்.

சென்று பார்த்தேன். எந்தப் பிரிவுக்கும் மேல் எல்லை ஒன்றும் கீழ் எல்லை ஒன்றும் உண்டல்லவா? மேல் எல்லையை ஒட்டி நிற்கும் பள்ளி, கீழ் எல்லையை ஒட்டி நிற்கும் பள்ளியைப்போல் இரண்டு மடங்காகவும் இருத்தல் கூடும். என் மருகனின் பள்ளியில் ஆண்டுதோறும் தொகை சுருங்கி வந்தது. பதினொருவர் ஆட்டத்தின் கடைசிப் பிரிவிலும் கடைசியாக அது நின்றது. அவர்கள் பக்கத்தில் பதினேழு பேர் உடுப்பணிந்து நின்றனர். எதிர்ப்பக்கத்துப் பள்ளி நாற்பதின்மருக்கு மேல் அழைத்து வந்திருந்தது. முதற் காற்பகுதியில் ஆட்டம் ஒத்தே நடந்தது. இரண்டாம் காற்பகுதியில் எங்கள் பிள்ளைகள் இடுப்பிற் கைகளை ஊன்றி நின்று மூச்சு வாங்கலாயினர். மூன்றாவதில், தடுக்கவேண்டிய தோள்கள் தடுக்கவில்லை, சாய்ந்து கொடுத்தன. களைத்தவன் தலையைத் தாழ்த்தி மோதுவான். காயம் படுவதும் அப்போதுதான். நான்காம் காற்பகுதியின் தொடக்கத்தில், புதிதாகக் களத்தில் இறங்கிய ஒரு பிள்ளையின் மோதலில் என் மருகன் வீழ்ந்தான். தோளுக்கும் மார்புக்கும் இடையேயுள்ள காறை எலும்பு முறிந்துபோயிற்று.

மருத்துவமனையில் என் தமக்கையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளையோ, “மாமா, எத்தனை புள்ளியில் தோற்றோம்?” என்று வினவினான். ஐம்பதுக்கு மேல் என்று கூற எனக்கு நா எழவில்லை. “ஆட்டம் நன்றாயிருந்தது” என்றேன். நான் பொய் கூறினேன் என்பது அவனுக்குத் தெரியும்.

நவம்பர் மாதத்தில் பள்ளித் தலைவரான குருவானவர் பெற்றோரையும் பழைய மாணவரையும் கூட்டினார். யானும் மைத்துனருடன் சென்று பின்வரிசையில் அமர்ந்தேன். ஆய்வுக்கு வந்த செய்தி இது: தொகை சுருங்கிவிட்டமையால், பதினொருவர் ஆட்டத்தை விட்டு அறுவர் ஆடும் பிரிவிற்குச் செல்ல இப்பள்ளிக்கு உரிமையுண்டு, செல்லாது இப்போதுள்ள இடத்திலேயே நிற்கவும் உரிமையுண்டு, எதனைக் கொள்வது?

முதியவர் ஒருவர் எழுந்தார். தாம் அப்பள்ளியிற் பதினொருவருள் ஒருவராக ஆடிய நாளை நினைவுகூர்ந்தார். அறுவர் ஆட்டம் பருத்தி வயல்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் இடையே கிடக்கும் குக்கிராமங்களின் ஆட்டம் என்றும், அதனுள் இறங்குவது பள்ளியின் கதவில் ‘இப்பள்ளி தேய்கின்றது’ என்று எழுதி ஒட்டுவதற்கு ஒப்பாகும் என்றும் கூறினார். கைத்தட்டல் எழுந்தது. வேறொருவர், அறுவர் ஆட்டம் ஆடிய பிள்ளையைப் பெருங்கல்லூரிகள் ஏறெடுத்தும் பாரா என்றார். பின்னர்ப் பயிற்சியாளர் எழுந்து, “என்னிடம் பதினேழு பேர் இருந்தனர், இப்போது பதின்மூவர் இருக்கின்றனர். நால்வர் படுக்கையில் இருக்கின்றனர். அடுத்த ஆண்டு எத்துணைப் பேர் வருவர் என்று தாய்மாரைக் கேளுங்கள்” என்று மட்டும் கூறி அமர்ந்தார். கைத்தட்டல் எழவில்லை. குருவானவர் முடிவினைக் கிறிஸ்துமஸ் கழிந்தபின் அறிவிப்பதாகச் சொன்னார்.

இல்லம் திரும்பும் வழியில் யான் செய்த பிழையை ஈண்டு மறையாது கூறுதல் வேண்டும். என் மனம் அம்முதியவர் பக்கமே சாய்ந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் பயிலும் கல்லூரியில் வாழ்ந்து பழகியவனாதலால், சிறுமை என்பது எனக்கு ஒரு குறையாகவே தோன்றியது. உண்ணும்போது மருகனை நோக்கி, “ஆறு பேர் ஆடுவதும் ஓர் ஆட்டமா? அது சிறு பிள்ளைகளின் ஆட்டம். பிரிவு இறங்குவதினும் தோற்பது மேல்” என்றேன். தோளிற் கட்டுடன் இடக் கையால் உண்டுகொண்டிருந்தவன் தட்டினை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். தமக்கையார் என்னை நோக்கி, “தம்பி, தோற்கிறவன் நீயல்ல” என்றார். அச்சொல் இன்றும் என் செவியில் இருக்கிறது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அறுவர் ஆட்டம் என்பது யாது என்று அறிந்தேனுமில்லையே என்னும் நாணத்தால், அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். அது நெப்ராஸ்கா மாநிலத்திற் பிறந்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியால் சிற்றூர்ப் பள்ளிகள் நலிந்திருந்த காலம். பதினொரு பிள்ளைகளைச் சேர்க்கவும், அவர்க்குக் கவசம் வாங்கவும் வகையில்லாமற் பல பள்ளிகள் பந்தாட்டத்தையே விட்டுவிட்டன. செஸ்டர் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரான ஸ்டீபன் எப்ளர் என்பவர், அறுவரைக் கொண்டு ஆடுமாறு அவ்வாட்டத்தின் விதிகளைத் திருத்தியமைத்தார். 1934-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஹெப்ரன் என்னும் ஊரில் முதல் ஆட்டம் நடந்தது. நான்கு ஊர்ப் பள்ளிகள் இரண்டிரண்டாகக் கூடி இரண்டு அணிகளாய் நின்று ஆடின. இரு பக்கத்தாரும் 19 புள்ளிகள் பெற்றுச் சமமாக முடிந்தனர்.

அவர் செய்தது பதினொன்றிலிருந்து ஐந்தைக் கழித்தது மட்டுமன்று. ஆடுகளம் 100 கஜ நீளத்துக்கு மாறாக 80 கஜமாயிற்று. அகலமும் 40 கஜமாகச் சுருங்கிற்று. இக்காலத்து விதிப்படி, நான்கு முயற்சிகளில் முன்னேறவேண்டிய தூரமோ 10 கஜத்துக்கு மாறாக 15 கஜம். ஓட்டம் மிகுதி, மோதிக் குவிதல் குறைவு. ஆட்டத்தின் பிற்பாதியில் ஒரு பக்கத்தார் 45 புள்ளிகள் முந்திவிடின் ஆட்டம் அந்நொடியே நிறுத்தப்படும். தோற்றவனை மேலும் அடித்தல் இல்லை. யாவற்றினும் என் கண்ணை ஈர்த்த விதி ஒன்று உண்டு: களத்தில் நிற்கும் அறுவருள் எவனும், வரிசையின் நடுவில் நிற்பவன் உட்பட, எறியப்படும் பந்தைப் பெறலாம்.

மற்றொன்றையும் அவ்வாசிப்பிற் கண்டேன். மாணவர் தொகை என்னும் அளவுகோல் யான் நினைத்ததுபோல் எங்கும் வழக்கற்றதன்று. அரசுப் பள்ளி தன் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளையே ஏற்கும். தனியார் பள்ளிக்கோ அத்தகைய எல்லை இல்லை. பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் அதனால் இயலும். ஆதலால், இருவகைப் பள்ளிகளும் ஒரே களத்தில் நிற்குமிடங்களில் நூறும் நூறும் ஒன்றாகா என்னும் முறையீடு எழுந்தது. இல்லினாய் மாநிலத்தில் 2005-இல் எல்லையற்ற பள்ளிகளின் தொகையை 1.65 ஆற் பெருக்கிக் கணக்கிடும் விதி வந்தது. ஆடவர்க்கு மட்டுமேயான பள்ளியாயின் அதன் தொகையை அங்கு இரட்டித்தும் கொள்வர். டென்னஸி மாநிலத்தில், ஆட்டக்காரர்க்குப் பொருளுதவி அளிக்கும் தனியார் பள்ளிகள் 1997-இல் தனிப் பிரிவாக்கப்பட்டன. அங்கே ஒரு தனியார் பள்ளியின் பயிற்சியாளர், சேரவிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கு வருமாறு கடிதம் எழுதியதனால் எழுந்த வழக்கு, நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை இருமுறை சென்றது. 2001-இல், மாநில விளையாட்டுச் சங்கம் அரசின் அங்கம்போல் நடத்தப்படுதற்குரியது என்று மன்றம் தீர்த்தது. 2007-இல், அச்சங்கத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. நியூ ஜெர்ஸி மாநிலத்திலோ தனியார் பள்ளிகளை வேறாக நிறுத்தி, அவற்றுக்குள் தொகைகொண்டு பிரித்தனர்.

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இம்மாநிலத்தார் யாவரும் தேடியது பெருமையின் அளவை அன்று. நிகரானவனோடு நிகரானவன் ஆடுவதற்கு ஒரு வழியையே தேடினர். பெருக்கினும் இரட்டினும் எண் அதற்கு ஒரு கருவிதான். அக்கருவியைத் தரவரிசையாக மாற்றிக்கொண்டவர்கள், கூட்டத்தில் எழுந்து பேசிய முதியவரும், உணவின்போது பேசிய யானுமே. பிரிவு என்பது படிக்கட்டு என்று நினைத்தோம். ஆகவே அதில் இறங்க நாணினோம். நாணத்தின் விலையை எலும்பாகக் கொடுத்தவன் மருகன்.

மறுநாட் காலையில் அவன் அறைக்குச் சென்று, “நேற்று யான் சொன்னது பிழை” என்றேன். அவன் சாளரத்தை நோக்கியவாறு, “எனக்கு வெட்கமில்லை மாமா, ஆட ஆள் இருந்தாற் போதும்” என்றான். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரே வரியிற் கண்டதனை, யான் ஓர் இரவெல்லாம் படித்துக் காணவேண்டியிருந்தது.

குருவானவர் அறுவர் ஆட்டத்தையே தேர்ந்தார் என்று ஜனவரியிற் கடிதம் வந்தது. 2018 அக்டோபரில் மீண்டும் இரு வாரம் அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. முந்திய ஆண்டு பதினேழு பேர் நின்ற வரிசையில் இப்போது பத்தொன்பதின்மர் நின்றனர். காயத்துக்கு அஞ்சி விலகியிருந்த இருவர் திரும்பியிருந்தனர். ஒருபோதும் ஆடாத ஒரு நோஞ்சற் பிள்ளையும் வந்து சேர்ந்திருந்தான். ஆறு பேர் ஆடும்போது பதின்மூவர் மாற்றுக்காகக் காத்து நின்றனர். எங்கள் பக்கத்துப் பிள்ளை இளைப்பாறி நீர் அருந்துவதனை அன்றுதான் யான் கண்டேன்.

எதிர்த்து ஆடிய பள்ளியும் அத்தகைய ஒரு சிறு பள்ளியே. ஆட்டம் பந்தயக் குதிரையைப் போல் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடிற்று. மூன்றாம் காற்பகுதியில் எங்கள் மருகன் வழக்கம்போற் பந்தைப் பின்னே தள்ளிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு நின்றானல்லன், ஓடினான். பருத்த உடலினன் ஆதலால் அவன் ஓடுவதனை எதிரணியார் பொருட்படுத்தவில்லை. பத்துக் கஜத்துக்கு அப்பால் அவன் திரும்பிக் கையை நீட்டினான். பந்து வந்து அவன் மார்பில் மோதிற்று. இரு கைகளாலும் அதனை அணைத்துக்கொண்டு மேலும் மூன்று கஜம் சென்று வீழ்ந்தான். எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை; புள்ளி ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்தவன் பந்தை உடனே நடுவரிடம் கொடுக்காமல் ஒரு நொடி கையில் வைத்து நோக்கினான். என் பக்கத்தில் அமர்ந்திருந்த தமக்கையார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைய ஆட்டத்தில் எங்கள் பள்ளி எட்டுப் புள்ளி வேறுபாட்டில் தோற்றது. இல்லம் திரும்பும்போது மருகன், தான் இரண்டாம் முயற்சியில் இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் திரும்பியிருத்தல் வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். முந்திய ஆண்டு ஆட்டத்தைப் பற்றி அவ்வாறு பேசுவதற்கு அவனுக்கு ஒன்றுமே இருந்ததில்லை. ஐம்பது புள்ளியில் தோற்றவனுக்குத் திருத்திக்கொள்ளத் தக்க பிழை எது? எட்டில் தோற்றவனுக்கு உண்டு. அடுத்த வாரம் உண்டு.

இப்போது வகுப்பறையிற் பெயர்ப்பட்டியலை வாசித்துத் தொகையைக் குறிக்குந்தோறும் அப்பிள்ளைகள் என் நினைவுக்கு வருகின்றனர். நம் கல்லூரியிலும் துறைகளுக்கிடையே ஆட்டப் போட்டிகள் நடைபெறுகின்றன. இருநூற்றுவர் பயிலும் துறையும், முப்பதின்மர் பயிலும் துறையும் ஒரே பட்டியலில் நின்று முதற்சுற்றில் மோதுகின்றன. முப்பதின்மரைக் கொண்ட துறை முதல் நாளிலேயே வெளியேறுவதனையும், மறு ஆண்டு பெயரே கொடாமல் விட்டுவிடுவதனையும் பல்லாண்டு கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று யானும் கூறியிருக்கிறேன். அவ்வாறு இனிக் கூறேன். சிறிய துறைகளைத் தமக்குள் ஆடவிட்டு, இரண்டு மூன்று துறைகள் கூடி ஓர் அணியாக வரவும் இடங்கொடுத்துப் பார்க்குமாறு விளையாட்டுக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தந்துள்ளேன். அதனை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் பொறுப்பு. ஏற்பின், தோற்கும் அணியினர் அன்று மாலை விடுதித் திண்ணையில் அமர்ந்து என்ன பேசிக்கொள்கின்றனர் என்று கேட்டுப் பாருங்கள் என்பதொன்றே மாணவ நண்பர்களுக்கு யான் கூற விரும்புவது.